வேண்டாத பாதி

பழைய வீடொன்றின் பின்னறைதான் அந்த வீடியோ எடிட்டரின் ஸ்டுடியோ. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்ததால் நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. சூடேறிய கம்ப்யூட்டரின் வாசனை, மின்விசிறியின் முனகல். தரையில் அவருடைய சின்ன மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். அம்மா வேலை முடிந்து வரும்வரை அவளுக்கு அதுதான் இடம்.

அன்று வந்த பெண் ஒரு மெமரி கார்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"என் பொண்ணோடது. போன வருஷம் தவறிட்டா. கேம்கார்டர்ல எடுத்தது இது ஒண்ணுதான் இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா படம் நடுங்குது. போன்ல பாக்கிற மாதிரி மாத்திக் குடுத்தா போதும்."

"பெரிய வேலையில்லம்மா. சாயங்காலம் வாங்க."

அவள் கதவருகே தயங்கினாள். "சுவத்து மூலையப் பாத்துச் சிரிச்சிட்டே இருப்பா. அந்த வாரந்தான் அப்படிச் சிரிக்க ஆரம்பிச்சா. அடுத்த வாரம் காய்ச்சல்."

துக்கத்தில் இருப்பவர்கள் எதையும் எதோடும் முடிச்சுப் போடுவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

படம் ஏன் நடுங்குகிறது என்பது அவருக்கு அத்துப்படி. அந்தக் கேம்கார்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக எடுக்கும். ஒரு கணம் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை வரிகள், மறுகணம் இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படை வரிகள். இரண்டையும் பின்னிக் காட்டும்போது அசைகிற இடமெல்லாம் சீப்புப் பல்போலக் கிழிந்து தெரியும். அவசரத்துக்கு ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது.

ஆனால் இதில் நடுங்கியது சிறுமி அல்ல. எதுவுமே இல்லாத அந்த மூலை.

பாதிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டினார்.

ஒற்றை வரிகளில் கட்டிலும், அதன்மேல் சிரிக்கும் சிறுமியும்.

இரட்டை வரிகளில் கட்டில் காலி.

மூலையில் யாரோ நின்றார்கள். கூரையில் இடிக்கும் உயரம். முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

பெற்றவள் கண்ணில் இது படவே கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு அப்போது தோன்றியது. சிறுமி இருந்த பாதியைப் போனுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டு மற்றதை அழித்தார். அசலில் கை வைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவர், அன்று புத்தி கெட்டுப்போய் கார்டில் இருந்ததையும் சேர்த்து அழித்தார்.

பிறகு, மாற்றிய படத்தை ஓட்டிப் பார்த்தார். நடுக்கம் இல்லை. மூலை வெறும் மூலை.

சிறுமி சிரிக்கவில்லை.

அவருடைய தோளைத் தாண்டி எதையோ பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வேண்டாம், வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அவருக்குப் பின்னால் மகள் சிரித்தாள்.

"என்னடா கண்ணு?" திரும்ப அவருக்குத் துணிவில்லை.

"இவங்க குனிஞ்சு பாக்கிறாங்கப்பா."

திரும்பினார். மகளும் காலி மூலையும்தான் இருந்தன. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஒற்றைக் கையால் தட்டி ஓடவிட்டார். இரண்டு பாதியையும் மறுபடி சேர்த்துவிட்டால் அது வந்த இடத்துக்கே போய்விடும் என்று ஒரு நப்பாசை. கார்டிலிருந்த வீடியோ முழுசாகக் கிடைத்தது. இரட்டை வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தார்.

காலிக் கட்டில். காலி மூலை.

அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தையோடு வெளியே ஓடிவந்து வாசல்படியில், வெயிலில் உட்கார்ந்தார். அந்தப் பெண் வரும்வரை அங்கேயே இருந்தார்.

"ஆச்சுங்களா?" என்று கேட்டபடி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

அப்பாவின் தோளுக்கு மேலே, வெற்று வெயிலை அண்ணாந்து பார்த்து மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேந்து இப்படிச் சிரிக்கிறா?" அந்தப் பெண் கேட்டாள்.

அவர் மகளை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

அவள் குழந்தையின் நெற்றியில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே அழ ஆரம்பித்தாள்.