ஓலையின் அடிப்பக்கம்

சமையலறை மேசையிலிருந்து எழுந்தபோது அவளுடைய முழங்கை எழவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்து முகர்ந்தாள், இனிப்பு வாடை. பூச்சி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் வெள்ளை ஈக்கள் கீழே சொட்டவிடும் கழிவு. ஆனால் அவள் தலைக்கு மேலே இருந்தது ஓலையல்ல, வெள்ளையடித்த கூரை. அதில் ஓர் ஈகூட இல்லை.

கொழுந்தன் பின்வாசலில் வந்து நின்றான். முதுகில் மருந்து டேங்க்.

"அண்ணி, அண்ணன் அடிச்ச அதே மருந்துதானே?"

அவள் முழங்கைப் பிசுக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன யோசனை? நீங்க சொன்னா அப்பீலே இல்ல. அந்த ஈயே தான் யாருன்னு உங்ககிட்டதான் வந்து கேட்டுக்கும்."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்று கணவர் ஓலையை நீட்டியபோது, அவசரத்தில், வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, "பழைய வகைதான், மருந்தடிங்க" என்றவள் அவள். கூட்டுப்புழுவின் மேல்தோலை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் வகை சொல்லக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளும் அவளே. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்த புது ஈ. மருந்து அதைக் கொல்லவில்லை, அதை அழிக்கும் சின்னக் குளவிகளைத்தான் கொன்றது. ஈ பெருகப் பெருக அவர் குட்டை மரங்களுக்கடியில் நின்று, அண்ணாந்து, மறுபடி மறுபடி அடித்தார். நஞ்சு முகத்திலேயே பெய்தது. நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். காரணம் அவளுக்கு மட்டும் தெரியும். வேண்டாம் என்றால் இவன் ஏன் என்பான்.

"அதேதான் தம்பி" என்றாள்.

அவன் தோட்டத்துக்குப் போனான்.

அந்தி மங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் எங்கிருந்தோ மெல்லிய தூறல் சத்தம், ஈரமில்லாத மழைபோல், பாத்திரங்களின் மேலும் சிமெண்டுத் தரையிலும் விழுந்துகொண்டே இருக்க, தரை முழுவதும் பொடிப்பொடியாக மினுங்கியது. இரண்டு இடங்களைத் தவிர. பாதங்களின் அளவில் இரண்டு உலர்ந்த இடங்கள். மழையில் ஒருவர் நின்ற இடம்போல.

கால்விரல்கள் அவள் பக்கம் பார்த்திருந்தன.

பிறகு அங்கும் துளிகள் விழுந்தன. இப்போது உலர்ந்திருந்தது கதவோரம். பிறகு வாசற்படி. விரல்கள் தோட்டத்தைப் பார்த்திருந்தன.

"தம்பி, அடிக்காத!" கத்திக்கொண்டே ஓடினாள். "நான் தப்பாச் சொல்லிட்டேன்! அண்ணன் செத்ததே அதனாலதான்!"

அவன் மரத்தடியில் அண்ணாந்து நின்றான். கைகள் இரண்டும் தொங்கின. தெளிக்கும் குழாய் எதையும் தொடாமல் காற்றில் நிமிர்ந்து, அவன் முகத்தை நோக்கி வளைந்திருந்தது.

"அண்ணி..." வாயை மூட முடியாத குரல். "யாரு... என் மோவாயப் பிடிக்கிறது?"

அவன் கன்னத்தில் நான்கு பள்ளங்கள். விரல்கள் அழுந்தும் பள்ளங்கள். விரல்கள் இல்லை.

டேங்கின் பம்புப் பிடி தானாக ஏறியது.

இறங்கியது.