அனுமதி அட்டைக்கு உரியவர்

பேர்ணடெற் கேட்டது கிடைத்துவிட்டது. பிளாசாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் கார் நிறுத்தியதற்குத் தனியார் பார்க்கிங் கொம்பனி போட்ட தண்ட ரிக்கெற் தள்ளுபடி செய்யப்பட்டதாகக் கடிதம் வந்திருந்தது. சந்தோசப்பட வேண்டிய விசயம். ஆனால் ஸ்ரௌவ்வில் நகரத்து வீட்டுக் குசினியில் பருப்புப் பொங்கி அடுப்பில் வழிந்து கருகிய மணம் எழும்பியும் அவள் திரும்பிப் பார்க்காமல், அந்த ஆங்கிலக் கடிதத்தின் மூன்றாவது வரியையே வாசித்துக்கொண்டு நின்றாள். மாற்றுத்திறனாளி அனுமதி அட்டைக்கு உரியவர், குறித்த நேரத்தில், சாரதிக்குப் பின்னாலுள்ள இருக்கையில் ஒரு காலை நீட்டியபடி அமர்ந்திருந்தது உறுதிசெய்யப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது.

அனுமதி அட்டைக்கு உரியவர் அவளுடைய அக்கா யூஜினி. அக்கா பெப்ரவரியில் இறந்துவிட்டார். இது டிசம்பர்.

பேர்ணடெற் ஒன்றும் கள்ளி இல்லை. அக்கா போனதும் அந்த நீல அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து மாதம் ஓடிவிட்டது. நம்மில் எத்தனை பேர் உடனே கொடுக்கிறோம், சொல்லுங்கள்? தாய் தகப்பன் போன பிறகும் அவர்களுடைய அட்டை கார்க் கண்ணாடிக்குக் கீழே கிடந்து, கடை வாசலில் நமக்கு இடம் பிடித்துத் தந்துகொண்டுதானே இருக்கிறது. போன மாதம் அவள் அகப்பட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அட்டைக்கு உரியவர் வாகனத்தில் இல்லை என்று ரிக்கெற்றில் எழுதியிருந்தது.

மகள் மெலிசாதான் கொம்பனியின் இணையப் பக்கத்தில் முறையீட்டை எழுதிக் கொடுத்தாள்.

"பெரியம்மா இஸ் டெட், அம்மா. இது பொய்தானே?"

"உவங்களுக்குத் தெரியவே போகுது? அக்கா காருக்குள்ளை இருந்தவ, நான் அஞ்சு நிமிசத்திலை ஓடி வந்திட்டன் எண்டு எழுது."

அந்தப் பொய் அவள் வாயில் அவ்வளவு சுகமாக வந்ததற்குக் காரணம் இருந்தது. ஜனவரிக் கடைசியில் அது உண்மையாக நடந்திருந்தது.

அதே பிளாசா. யோகமலரின் தையல்கடை. சட்டை அளவு பார்க்க வேண்டும், அஞ்சு நிமிசத்தில் வாறன் என்று சொல்லி அக்காவைப் பின் சீற்றில் விட்டுவிட்டுப் போனாள். கார்க் களவு மலிந்த ஊர், எஞ்சினை ஓடவிட்டுப் போகப் பயம். திறப்பைக் கையோடு கொண்டு போனாள். வெளியே மறை பதினெட்டு பாகைக் குளிர். பாரிசவாதம் வந்த அக்காவுக்கு ஒரு கை, ஒரு கால் விளங்காது, கதவைத் தானாகத் திறக்க முடியாது. உள்ளே யோகமலர் தேத்தண்ணி போட்டாள். கதை இழுபட்டது. யாருடைய மகன் யாரைக் கட்டினான், யார் எங்கே வீடு வாங்கினார்கள். ஐம்பது நிமிடம்.

திரும்பி வந்தபோது அக்காவின் உதடு நீலமாக இருந்தது. அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று இரவே காய்ச்சல், பிறகு நியூமோனியா, ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்தது. குளிரில் இருந்தவவா என்று டொக்டர் கேட்டபோது பேர்ணடெற் இல்லையென்று தலையாட்டினாள். செத்தவீட்டில் வந்தவர்களெல்லாம் அவளுடைய தோளைத் தடவி, உன்னைப் போலத் தங்கச்சி ஆருக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் அழுதாள். அந்த அழுகையையும் மெச்சினார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூட அவள் இதை மட்டும் சொல்லவில்லை.

அக்கா எப்போதும் சாரதிக்குப் பின்னால், விளங்காத காலைச் சீற்றின் மேல் நீட்டிக்கொண்டுதான் இருப்பார். அதை முறையீட்டில் அவள் எழுதச் சொல்லவில்லை. மெலிசாவும் எழுதவில்லை.

கொம்பனிக்குப் போன் எடுத்தாள். நான் பொய் சொல்லிவிட்டேன், கட்ட வேண்டியதைக் கட்டிவிடுகிறேன் என்றாள். அந்தப் பக்கத்துப் பெண் அன்பாகத்தான் பேசினாள். அந்தக் கோப்பு மூடியாகிவிட்டது மேடம், இனி உங்களிடம் வாங்க ஒன்றுமில்லை என்றாள்.

வாங்க ஒன்றுமில்லையாம். சொன்ன பொய்யை எப்படியாவது திருப்பி எடுக்க வேண்டும், எடுத்தால்தான் அக்கா அந்தக் காரைவிட்டு இறங்குவார் என்று ஒரு எண்ணம் பேர்ணடெற்றுக்குள் விழுந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ரிக்கெற் எழுதிய ஆளையே நேரில் பார்த்து உண்மையைச் சொல்வது என்று வெளிக்கிட்டாள்.

மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. மார்க்கம் ரோட்டால் தெற்கே வரும்போது, உப்பும் சேறும் கலந்த பனித்தண்ணீர் சில்லுகளில் அடிபடும் சத்தத்துக்கும் ஹீற்றரின் இரைச்சலுக்கும் நடுவில், பின் சீற்றில் இருப்பவர் பெல்ற் போடவில்லை என்று கார் மணியடிக்கத் தொடங்கியது. பின் சீற்றில் ஒரு பைகூட இல்லை. ஹீற்றர் முழுக்க ஓடியும் அவளுடைய பிடரியில் குளிர் பட்டது. அக்காவுக்குப் பூசும் நோவுத் தைலத்தின் மணம் மெல்ல முன்னுக்கு வந்தது. மணி நிற்கவில்லை. பயத்தில் அவளுடைய வாய் பழைய பழக்கத்துக்குச் சொல்லிவிட்டது:

"பெல்ற்றைப் போடுங்கோ அக்கா."

கிளிக்.

மணி நின்றது.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவள் பார்க்கவில்லை. வீதியை மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பின்னால் ஒருவர் மூச்சு விட்டார். இழுத்து இழுத்து. ஈரமாக.

பிளாசாவில் காரை எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. கதவை அடித்துச் சாத்திவிட்டு ஓடினாள். தையல்கடை வாசலில் செம்மஞ்சள் ஜக்கெற்றோடு பார்க்கிங்காரர் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மன்னார் ஆள், அதில் றொபேட் என்று பெயர் குத்தியிருந்தார்.

"அண்ணை, போன மாசம் எனக்கு ரிக்கெற் வைச்சது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான். பிறகு நான்தான் அதைப் பிழையெண்டும் எழுதிக் குடுத்தனான்."

"பிழையில்லை அண்ணை. என்ரை அக்கா செத்துப் பத்து மாசம். அண்டைக்குக் காருக்குள்ளை ஒருத்தரும் இல்லை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெக்கத்துக்காக இருக்கிற ஆளைச் சாகடிக்காதேங்கோ தங்கச்சி. ரிக்கெற்றை வைச்சிட்டுத் திரும்பினன், கண்ணாடியிலை தட்டுற சத்தம் கேட்டுது. ஒரு கையாலைதான் தட்டினவ, மற்றக் கை விளங்காது போல. குளிருது, தங்கச்சியை ஒருக்கா வரச்சொல்லு தம்பி எண்டு சொன்னவ. உங்களைத் தேடி வந்து பாத்தா, நீங்கள் உள்ளை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சிரிக்கிறியள். எனக்கு வந்த விசருக்கு ஒண்டும் பறையாமல் போயிட்டன்."

பத்து மாதமாகப் பேர்ணடெற்றின் தொண்டையில் நின்றது தானாக வெளியே விழுந்தது.

"நான்தான் அண்ணை அவவைக் குளிருக்கை விட்டனான். நான்தான் சாக்காட்டினனான்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்," என்றார் றொபேட். பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்து முகம் சுளித்தார். "அட, இண்டைக்கும் விட்டிட்டே வந்தனீங்கள்? என்ன மனுசரப்பா நீங்கள். நில்லுங்கோ, நான் கூட்டிக்கொண்டு வாறன்."

"வேண்டாம் அண்ணை. ஐயோ, வேண்டாம்!"

அவர் போய்விட்டார். அவள் பின்னுக்குப் பின்னுக்கு வந்து கடைக்குள் ஏறினாள். உள்ளே வெளிச்சம். இஸ்திரி ஆவி மணம். மூலையில் யோகமலரின் மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு வெளியே, றொபேட் காரின் பின் கதவைத் திறந்தார். குனிந்தார். யாரையோ தாங்கி எழுப்பினார்.

"மெல்ல அம்மா. அவசரமில்லை."

ஒரு அடி. பிறகு ஒரு இழுப்பு. ஒரு அடி. ஒரு இழுப்பு. பனியில்.

பேர்ணடெற் கண்ணை மூடிக்கொண்டாள். கதவு திறந்தது. குளிர் வந்தது. தைலமும், அதற்கு அடியில் மண்ணும் மணத்தன.

"இந்தாங்கோ, பிடியுங்கோ. விறைச்சுப் போயிட்டா, பாவம்," என்று சொல்லி, றொபேட் ஒரு கையை எடுத்து அவளுடைய கைக்குள் வைத்தார். அவருடைய சப்பாத்துச் சத்தம் வெளியே போனது. கதவு சாத்திக்கொண்டது.

மெசின் நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் பார்க்கத் துணிவில்லை. நேரே யோகமலரைப் பார்த்தாள். செத்தவீட்டில் பெட்டி மூடும்வரை கூட நின்ற யோகமலர், வாயைப் பிளந்தபடி கதிரையைவிட்டு எழும்பி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பேர்ணடெற்றின் பக்கத்தில் நின்றதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேர்ணடெற் கையை இழுத்தாள். வரவில்லை.