மூடிய வால்வில் விழும் சொட்டு

கரண்டு போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாஜிதா பேகத்துக்கு உறைத்தது. மோட்டார் நின்றிருந்தது. சொட்டு மட்டும் நிற்கவில்லை.

ஐப்பசி மழை ஓட்டின்மேல் இரைந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம், கோட்டைமேட்டு வீட்டின் முன்னறையில் உப்பு வாடையும் நனைந்த சுவரின் சுண்ணாம்பு வாடையும் கலந்து அடிக்க, கடல்நீர்க் கண்ணாடித் தொட்டிக்குள் டொக், டொக் என்று தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. தொட்டி அவள் கணவர் அப்துல் கையூமின் பைத்தியம். தூத்துக்குடியிலிருந்து கேன் கேனாகக் கடல்நீரும் உயிருள்ள பவளங்களும் வரவழைத்தார். அவற்றை வளர்க்கத் தன் லேத் பட்டறையிலேயே கால்சியம் ரியாக்டர் ஒன்றும் செய்தார். தொடை உயரக் கண்ணாடிக் குழாய், அது நிறையச் செத்த பவளத் துண்டுகள். சிலிண்டரிலிருந்து கரியமில காஸ் குமிழ் குமிழாய் உள்ளே போகும். தண்ணீர் புளித்துச் செத்ததைக் கரைக்கும். கரைந்தது சொட்டுச் சொட்டாய்த் தொட்டிக்குப் போய் உயிரோடிருப்பதற்கு எலும்பாகும்.

பட்டறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அவர் உள்ளறைக் கட்டிலோடு சரி. வலி எலும்பு எலும்பாக ஏறுகிறது என்பார். தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, தைலம் தேய்ப்பது, ஊட்டுவது, நடுவில் இந்தத் தொட்டி வேறு. சாஜிதாவுக்குத் தோளும் முதுகும் தன்னுடையவை போலவே இல்லை.

"ஏனுங்க, இதெ நிறுத்திப்போடட்டுங்களா? என்னால முடியலைங்க," என்று காலையில்கூடக் கேட்டிருந்தாள்.

"வேண்டாம் சாஜிதா. அது நின்னா எல்லாம் செத்துரும்."

மெழுகுவத்தியோடு போய், ரியாக்டரிலிருந்து தொட்டிக்குச் சொட்டு விடும் வால்வை இறுக மூடினாள். சொட்டு விழுந்தது. சிலிண்டரை மூடினாள். குமிழ் வந்தது. சீராக இல்லை, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து வந்தது.

வெளிச்சத்தைக் கண்ணாடிக் குழாயருகே கொண்டுபோனாள்.

உள்ளே ஒன்றுமில்லை. பவளத் துண்டுகள் எப்போதோ கரைந்து தீர்ந்திருந்தன. ஆனால் தொட்டிக்குள் பவளங்கள் கண்ணாடியை முட்டி வளர்ந்திருந்தன, புதுசாய், பால்வெள்ளையாய்.

பிறகு எதைக் கரைக்கிறது?

சொட்டில் விரலை நீட்டினாள். கொழகொழப்பு. மோந்தாள். கடல் வாடை இல்லை. தைல வாடை.

"சாஜிதா..."

உள்ளறையிலிருந்து குரல் குழைந்து வந்தது. ஓடினாள்.

"வலி நின்னுபோச்சு," என்றார் கையூம்.

எத்தனை நாளாகக் காத்திருந்த சொல். அவளுக்குக் கண் நிறைந்தது. "எங்கியுமே இல்லீங்களா?"

"எங்கியும் இல்ல. கொஞ்சம் தூக்கி உக்கார வை."

மெழுகுவத்தியை ஜன்னலில் வைத்தாள். பழகிய கைகள் தாமாகவே அவர் அக்குளுக்குள் போயின. பிடித்தாள். தூக்கினாள்.

கனமே இல்லை.

பிடித்த இடத்தில் அவள் விரல்கள் அமுங்கின. இன்னும் அமுங்கின. தோளின் இந்தப் பக்கத்துக் கட்டைவிரலும் அந்தப் பக்கத்து விரல்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டன.

தலை பின்னால் சாயவில்லை. மடிந்தது. ஈரத்துண்டு போல அவள் முழங்கையின் மேல் மடிந்து, தாடை கழுத்துக்குள் இறங்கி, கன்னம் வழிந்து தொங்க, கண்கள் மட்டும் அவளையே பார்த்தன. உதடு மடிந்து மறைந்த இடத்திலிருந்து மெல்ல வந்தது அவர் குரல்.

"இன்னுங் கொஞ்சம் மேல தூக்கு சாஜிதா."