விளக்கு ஒன்று, ஆள் ஒருவர்

ஈச்சங்களம் என்ற குக்கிராமம் தொண்ணூறு ஆண்டுகளில் நான்கு முறை தாலுகா மாறியிருந்தது. ஒவ்வொரு முறையும் வேறு குமாஸ்தா, வேறு மை. பதிவேட்டின் கடைசி வரி மட்டும் ஒன்றே: விளக்கு ஒன்று, ஆள் ஒருவர்.

1961-ல் ஐந்தாம் மாற்றம். செம்பட்டிப் பக்கத்துப் பஞ்சாயத்து ஒன்றோடு அதைச் சேர்க்க வேண்டும். அந்தியில் ஒரு விளக்கும் எரியவில்லை என்று நேரில் பார்த்து எழுதினால் ஊர் பதிவிலிருந்து நீங்கிவிடும். தாலுகா குமாஸ்தா பவுல்ராஜ் அதற்குத்தான் வந்திருந்தான். தோள்பையில் மகளுக்கு வாங்கிய கிலுகிலுப்பை நடக்கும்போதெல்லாம் குலுங்கியது. அவன் மனைவி சகாயசெல்வி பிரசவத்தில் இறந்துபோய் எட்டு மாதம். அவன் நெஞ்சில் படுக்காமல் குழந்தை தூங்காது. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

எல்லைக்கல்லருகே கர்ணம் பெருமாள்சாமி நின்றுவிட்டார்.

"பிள்ளைக்கா தம்பி, சத்தம் கேக்குதே?"

"ஆமாங்க அய்யா. உள்ளே ஆள் இருக்கா?"

"சுவரு இருக்கு. ஓட்டுக் கேக்கக்கூட எவனும் உள்ள போனதில்ல. டார்ச்சை எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. நீங்க கொண்டுபோற வெளிச்சமும் கணக்குல வந்துரும். எங்கப்பா காலத்து வழக்கம்."

கொடுத்தான்.

வௌவால் எச்சம் நாறிய சந்தில், கூரையில்லாத ஐந்து வீடுகளுக்கு நடுவே, காய்ந்த ஈச்சமட்டைகள் உரசும் ஓசைக்கும் தன் பையின் குலுங்கலுக்கும் இடையில் மூன்றாவதாக யாரோ மெல்ல மூச்சு வாங்குவது போலக் கேட்க, திரும்பிப் பார்க்காமல் கடைசி வீட்டு வாசல்வரை நடந்தான். விளக்கு எதுவும் இல்லை. தாளை எடுத்தான். எழுத்து தெரியவில்லை. சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது. வழக்கம் நினைவுக்கு வந்தபோது குச்சி பற்றியிருந்தது.

மாடக்குழியில் அகல். நிறைய எண்ணெய். புதுத் திரி.

தீ தானாகத் தாவியது.

ஊதினான். அணையவில்லை.

எல்லையிலிருந்து குரல். "விளக்கு ஒண்ணு. எழுதிக்கிட்டேன் தம்பி."

ஓடினான். கல்லைத் தாண்டி வைத்த கால் அதே வாசலில் விழுந்தது. மறுபடி ஓடினான். அதே வாசல். கத்தினான். மட்டைகள் உரசின. தோளில் பை இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். பவுல்ராஜின் சட்டை, தோளில் அந்தப் பை. பவுல்ராஜின் நடை. பவுல்ராஜின் முகம். வாசலில் நின்ற பவுல்ராஜைக் கடந்து, கல்லையும் கடந்து போனான்.

"வெரசா வாங்க தம்பி," என்றார் பெருமாள்சாமி. "பிள்ளை தூங்காமக் கெடக்கும்."

"ஆமாங்க அய்யா. நெஞ்சுல போட்டாத்தான் தூங்கும்," என்றான் வெளியே போனவன்.

கிலுகிலுப்பை பஸ் ரோட்டை நோக்கிக் குலுங்கிக்கொண்டே போனது.