புதுக் குளிர்வி

செவ்வாயின் மரியநகர்க் குடியிருப்பில் காலத்தை வருஷத்தில் சொல்வதில்லை, வரவில்தான் சொல்வார்கள். பூமியிலிருந்து விண்கலம் இருபத்தாறு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அது ஒரு வரவு. "உம் பிள்ளைக்கு எத்தன வயசு?" என்று கேட்டால் "ரெண்டு வரவு முடிஞ்சிட்டு" என்று பதில் வரும்.

சகாயராணிக்குக் கல்யாணமாகி ஒரு வரவு முடிந்திருந்தது. அதில் கணவனோடு இருந்தது பத்தே நாள். பதினோராம் நாள் கிளம்பிய கலத்தில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. கலங்களை இறக்கும் கூடத்துக்கு ஆள் வேண்டுமென்று அவளை ஏற்றிவிட்டார்கள். கணவன் மிக்கேல் அடுத்த வரவில் வரட்டும் என்றார்கள்.

அந்த அடுத்த வரவு இன்று. காலை பதினொரு மணிக்குள் கூடத்துக் கணினி கலத்தைப் பிடித்து இறக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கலம் நிற்காது. செவ்வாயை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பூமிக்கே திரும்பிவிடும்.

மணி ஒன்பதரை. கணினியில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. திரை மட்டும் இருண்டு கிடந்தது.

நேற்றுவரை நன்றாக ஓடிய கணினிதான். மூளைச் சில்லின் சூட்டைத் தணிக்கும் பழைய குளிர்வி கரகரவென்று சத்தம் போட்டது. மிக்கேலின் குரல் முதன்முதலாக இந்த அறையில் கேட்கும்போது அந்தக் கரகரப்பு எதற்கு என்று நினைத்தாள். புதுக் குளிர்வியை மாட்டச் சொல்லி ஏவலனிடம் கொடுத்தாள். கூடத்துக்கும் அவள் வீட்டுக்கும் எடுபிடி இயந்திரம் அது. சொன்னதைச் செய்யும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.

"ஏல, வெப்பச்சாந்து தடவினியா?"

"தடவினேன்."

"நாலு திருகையும் முடுக்கினியா?"

"முடுக்கினேன்."

"பெறவு என்ன எழவுக்குல திரை வரல?"

"தெரியவில்லை."

பூமிக்கு மட்டுமான தனி வானொலியில் உதவி மையத்தை அழைத்தாள். உதவி மையம் என்று பெயர் வைத்தவனைத்தான் முதலில் பிடித்து உதைக்க வேண்டும். ஒரு சொல் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிஷம், பதில் வரப் பன்னிரண்டு நிமிஷம். ஒன்பது ஐம்பத்துநாலுக்கு ஒரு தேன்குரல் வந்தது. "வணக்கம். தங்கள் கணினியின் மின்கம்பி சொருகப்பட்டுள்ளதா?"

சகாயராணிக்கு உச்சந்தலை வரை ஏறியது. "விளக்கு எரியுதுன்னு சொன்னேன்லா? காதுல என்ன பஞ்சா வச்சிருக்கிய?" என்று கத்தினாள். அந்தக் கத்தலும் பன்னிரண்டு நிமிஷம் பொறுமையாகப் பயணம் செய்தது. பத்து பதினெட்டுக்குப் பதில்: "சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்." அணைத்துப் போட்டாள். திரைக் கம்பியை மாற்றினாள். நினைவுப் பலகைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒன்றுக்கும் அசையவில்லை. பத்து நாற்பத்திரண்டுக்கு மறுபடி தேன்குரல்: "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

வானொலியின் ஒலிபெருக்கியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். பிறகு திருப்புளியை எடுத்துத் தானே குளிர்வியைக் கழற்றினாள்.

சூட்டைக் கடத்தும் சாந்து அழகாகத்தான் தடவியிருந்தது. ஆனால் குளிர்வியின் அடியில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் உறை, ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது. 'பொருத்துமுன் கிழிக்கவும்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. சூடு அதைத் தாண்டிக் குளிர்விக்கு ஏறவே இல்லை. சில்லு ஒவ்வொரு தடவையும் கொதித்து, கருகாமலிருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

"ஏல மூதி! இத ஏம்ல கிழிக்கல?"

"உங்கள் கட்டளை" என்றது ஏவலன். பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டது. அவளுடைய குரலேதான்: "புது அடுப்போட கவர ஏம்ல கிழிச்ச? கீறல் விழுந்தா உங்கப்பனா வாங்கித் தருவான்? இனிமே நான் சொல்லாம எந்தப் புதுச் சாமான் கவர்லயும் கை வைக்காத!"

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டவளுக்கு வரும் கோபம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. உறையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏவலனைத் திட்டினாள். அதைச் செய்தவனைத் திட்டினாள், அவன் பரம்பரையைத் திட்டினாள், உதைத்தாள், கால் வலித்ததற்காக இன்னொரு தடவை திட்டினாள். முழுசாக நாலு நிமிஷம். அப்புறம்தான் உறையை உரித்து, புதிதாகச் சாந்து தடவி, குளிர்வியை மாட்டினாள்.

திரை வந்தது. பதினொன்று மூன்று.

கலம் ஒரு சின்னப் பச்சைப் புள்ளியாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. கரகரப்பே இல்லாமல் கணினியில் மிக்கேலின் குரல் கேட்டது. "ஏட்டி ராணி, என்ன ஆச்சு? நாங்க தாண்டிட்டோமே."

"மெஷின் கோளாறுங்க" என்றாள் அவள், ஏவலனை முறைத்துக்கொண்டே. "எல்லாம் இந்த எழவெடுத்த மெஷினாலதான்."

"சரி, அழாத. அடுத்த வரவுக்குப் பாப்போம்." புள்ளி திரையின் விளிம்பில் மறைந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். ஏவலன் பக்கத்தில் வந்து நின்றது. "அந்தக் கட்டளையை நீக்கிவிடட்டுமா? உங்கள் வீட்டில் கிழிக்காத உறைகள் பதினேழு. இரட்டைக் கட்டில் மெத்தையிலிருந்து தொடங்குகிறேன். வாங்கிய நாள்முதல் நீங்கள் அதன் பக்கத்தில் தரையில்தான் படுக்கிறீர்கள்."

சகாயராணி விருட்டென்று எழுந்தாள்.

"அதுல கை வச்சே, ஒடிச்சிருவேன்! அவுக வரும்போது அது புதுசா இருக்கணும்லா?"