மூன்று தட்டு

தட்டுவதற்கு முன்பே சத்தம் கேட்டுவிட்டது.

டொக், டொக், டொக். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் வழக்கம்போல் கையைத் தூக்கினான். "கேக்குதுடா. இது தேறாது." ஹெட்ஃபோனை ஒரு பக்கம் நகர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கூட வேலை செய்யும் ஒட்டடைக்குச்சி இன்னும் மரக்கட்டையைக் கையில் எடுக்கக்கூட இல்லை. டீயை ஊதிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் தட்டவே இல்ல. அதுக்குள்ள என்ன கேட்டுச்சு உனக்கு?"

"மூணு தட்டு."

"பாம்புச்செவின்னு பேரு வெச்சது தப்பே இல்ல. நான் நாளைக்குத் தட்டப்போறதும் உனக்கு இன்னைக்கே கேக்குது."

பாம்புச்செவி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அது, வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய ஹெட்ஃபோன்களைச் சோதிக்கும் கூடம். வெளிச்சத்தம் நுழையாதபடி பின்பக்கம் மூடிய வகைக்கென்று அங்கே ஒரு சோதனை உண்டு. ஒருவன் பாட்டில்லாமல் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், இன்னொருவன் அவன் முதுகுக்குப் பின்னால் மேசையில் மூன்று முறை தட்ட வேண்டும். காதில் விழுந்தால் கை தூக்கு, பெட்டிக்குச் சிவப்பு ஒட்டு. கை பழக்கத்தில் சிவப்பை ஒட்டியும் விட்டது. மறுபடி மாட்டிக்கொண்டு, ஒட்டடைக்குச்சி நிஜமாகவே தட்டியபோது ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சை அடைத்த மாதிரி அப்படியொரு அமைதி.

ஒட்டியதை உரிக்க வேண்டுமானால் மேற்பார்வையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். அது செவிடன் காதில் ஊதிய சங்கு. ஆனால் சிவப்பு விழுந்த சரக்கு ஊழியர்களுக்குக் கால் விலைக்குக் கிடைக்கும். பாம்புச்செவியோ நான்கு மாதமாகத் தனக்கென்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். முதலில் வாங்கிய மலிவுச் சரக்கில் பேஸ் காலி டின்னைத் தட்டுவதுபோல் இருந்தது. அடுத்தது மூக்குக்கண்ணாடிக் காம்போடு சேர்த்து நெற்றிப்பொட்டை நசுக்கியது. மூன்றாவதில் பின்பக்கம் திறப்பு. இவன் பாட்டு பஸ் முழுக்கக் கேட்டது, பஸ்ஸின் இரைச்சல் முழுக்க இவனுக்குக் கேட்டது.

"நல்ல பேஸுன்னா காதுல கேக்கக் கூடாதுடா," என்பான் ஒட்டடைக்குச்சி. "முட்டியில தெரியணும்." அந்தச் சிவப்பு ஒட்டியதில் அவனே ஒரு பாட்டைப் போட்டுவிட்டான். அடித்தாளம் இறங்கியபோது, நாற்காலியில் மடங்கியிருந்த பாம்புச்செவியின் முழங்கால் வரை அது போனது. அன்றே வாங்கிவிட்டான்.

அவனுக்கு வேண்டியது பாட்டுகூட இல்லை, காதுக்கு ஓய்வு. கண்ணுக்கு இமை வைத்த கடவுள் காதுக்கு ஒரு மூடி வைக்காமல் விட்டுவிட்டான் என்று அடிக்கடி நொந்துகொள்வான். பகலெல்லாம் கூடத்தில் காதால்தான் வேலை. வீட்டுக்குப் போனால் அப்பா. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போய், இடது கையில் ஒரு கைத்தடி மட்டும் மிஞ்சியிருந்தது. கட்டிலை ஒட்டிய சுவரில் அதால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் புரட்டிவிடு. மூன்று என்றால் உடனே வா. வந்து நின்றதும் தடியைச் சுவரில் நீளமாக ஒரு கோடு இழுப்பார், சரி, வந்துவிட்டாய் என்பதற்கு. அந்தக் கோட்டுச் சத்தம் கேட்டால்தான் அவனுக்கு மூச்சு இறங்கும். ஆனால் ராத்திரியில் நான்கு முறை, ஐந்து முறை. எழுந்து எழுந்து, தூக்கம் என்பது அவன் எங்கோ கேள்விப்பட்ட விஷயமாகிவிட்டது.

பகலில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓர் அக்கா வந்து பார்த்துக்கொள்வாள். மாலை ஆறுக்கு அவள் போய்விடுவாள், ஏழுக்கு அவனுடைய பஸ் வரும். நடுவில் அந்த ஒரு மணி நேரம் அப்பா தனி.

அன்று அக்கா கிளம்பத் தாமதமாகி, அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பைத் தேடிக்கொண்டு இன்னும் வாசலிலேயே இருந்தாள். "தம்பி, இன்னைக்கு ஒரே அமர்க்களம். பதினோரு மணி இருக்கும், மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். மூணு மூணா தட்டித் தீத்துட்டாரு. என்னன்னு ஓடி வந்தா, ஜன்னலைச் சாத்தணுமாம்!"

பதினோரு மணி. டீ நேரம். ஒட்டடைக்குச்சி டீயை ஊதிக்கொண்டிருந்த நேரம். அவன் அதைக் கணக்குப் பார்த்தான், பிறகு தலையை உதறிக்கொண்டு அப்பாவுக்குச் சோறு பிசையப் போனான்.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதுவே பாதி வரம். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, மழை ஈரம் பட்ட ரெக்சின் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து அடித்தன. முன்னிருக்கைக்காரர் போனில் யாரையோ திட்டுவது வாயசைவாக மட்டும் தெரிந்தது. பாட்டின் அடித்தாளம் முதுகெலும்பில் ஏறி இறங்க, கண் சொக்கிக்கொண்டு வந்தது. ஆறு பத்துக்குத் தாளத்துக்குள் வேறொன்று கேட்டது. தாளத்தோடு சேராமல், அதற்குச் சற்றுப் பின்னால், சுண்ணாம்புச் சுவரில் தடி படும் சத்தம்.

ஒன்று.

பாட்டை நிறுத்தினான். அமைதி. பஞ்சுக்குள் இருக்கிற அமைதி. அதற்குள் மறுபடி ஒன்று.

வீட்டில் தண்ணீர்ச் செம்பு கட்டிலுக்கடியில் உருண்டு கிடந்தது. அப்பாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவன் ஸ்பூனால் தண்ணீர் ஊட்டினான். அவர் தடியை எடுத்து நீளமாகக் கோடு இழுத்தார். பயத்தை உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை, படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியிருந்தது.

அதற்கடுத்த நாள் மூன்று கேட்டது. பாலத்துக்குக் கீழே பஸ் நெரிசலில் நின்றிருந்தது. மூன்று, இடைவெளி, மூன்று. அக்காவுக்குப் போன் செய்தான். பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள், மூச்சிரைக்க.

"என்ன தம்பி இது? அடுப்புல இருந்ததை அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன். உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு. தலையணை நழுவிடுச்சாம், அவ்வளவுதான். பஸ்ஸுல உட்கார்ந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சும்மா... மனசு கேக்கல அக்கா."

"மனசு கேக்கலேன்னா நீங்க வாங்க. என்னைய ஏன் ஓட விடுறீங்க?"

நியாயமான கேள்விதான். அப்பா எதற்கெடுத்தாலும் மூன்று தட்டுவார். ஒன்றுக்கு யாரும் அவசரப்படுவதில்லை, மூன்றுக்கு ஓடி வருகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டு மாதக்கணக்காகிவிட்டது. புலி வருது, புலி வருது என்று தினமும் சொன்னால் யார்தான் எழுந்திருப்பார்கள்?

அதற்குப் பிறகு பஸ்ஸிலும் ஓய்வில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினால் தட்டு நின்றது, ஆனால் தட்டிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு நிற்கவில்லை. மாட்டினால் கேட்டது. எந்த ஒரு மணி நேரத்துக்காக அதை வாங்கினானோ, அந்த ஒரு மணி நேரத்தையும் அப்பா பிடுங்கிக்கொண்டார். அவனுக்குக் கோபம் வந்தது. நோயாளி மேல், பெற்றவர் மேல், அசிங்கமான ஒரு கோபம். எல்லாவற்றையும்விட பேஸ் அதிகமுள்ள பாட்டுகளாகப் பார்த்து நான்கு சேர்த்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குத் தட்டு ஆரம்பித்தது. மூன்று.

அவன் போனை எடுத்தான். அக்காவின் பெயர்மேல் விரலை வைத்தான். 'நீங்க வாங்க, என்னைய ஏன் ஓட விடுறீங்க' என்றது காதுக்குள் கேட்டது. விரலை எடுத்துவிட்டான். மூன்று. மூன்று. தலையணையாக இருக்கும். ஜன்னலாக இருக்கும். முதல் பாட்டைப் போட்டான். தட்டு தாளத்தின் இடைவெளியில் வந்து உட்கார்ந்தது. வால்யூமை ஏற்றினான். இரண்டாவது பாட்டு. இன்னும் ஏற்றினான். மூன்றாவதில் தட்டுக்கு ஒழுங்கு போனது. நான்கு, இரண்டு, பிறகு அவசரமாகப் பல. நான்காவது பாட்டில் கடைசி வரை ஏற்றினான். முழங்கால் அதிர்ந்தது.

பாட்டின் நடுவில் தட்டு நின்றது.

அப்பாடா, தூங்கிவிட்டார், என்று நினைத்தான். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு அவனைத் தின்றது.

அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து கையகலத்துக்குச் செங்கல் தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் என்றார், ஏழுக்குள் போயிருக்கும் என்றார். ஆறு ஐம்பத்திரண்டு என்று அவனால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

சவப்பெட்டியில் வைத்தபோது, "இந்தத் தடிய விட்டு அண்ணன் ஒரு நிமிஷம் இருந்ததில்ல. கூடவே வெச்சிடுப்பா," என்று அத்தை அழுதாள். அவன்தான் அதை இடது கையருகே வைத்தான். அவன்தான் மூடியையும் பிடித்தான். கல்லறைத் தோட்டம் பஸ் போகிற வழியிலேயே இருந்தது.

ஒரு வாரம் கழித்து வேலைக்குக் கிளம்பினான். காலை வெயில். கொட்டாவி விடும் கூட்டம். யாரும் எதுவும் பேசிவிடக் கூடாதென்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். பாட்டுப் போடவில்லை. பஞ்சு அமைதி. ராத்திரி முழுக்க எழுப்ப ஆளில்லாமலும் அவனுக்குத் தூக்கம் வந்திருக்கவில்லை. இப்போது வந்தது.

ஒன்று.

கண்ணைத் திறந்தான். பிரமை. அழுது களைத்த மூளை.

ஒன்று.

இத்தனை வருடம் தட்டுச் சத்தம் கேட்டே சம்பளம் வாங்கியவன். சுவர் எது, மேசை எது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இது சுவரில்லை. சுண்ணாம்பு உதிரவில்லை. இது மரம். எல்லாப் பக்கமும் மூடிய மரம். எதிரொலிக்கக்கூட இடமில்லாத அளவுக்கு நெருக்கமான மரம்.

ஒன்று. தண்ணீர்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். இந்த முறை இறங்கிவிட்டான். கல்லறைத் தோட்டத்துக் கம்பிக் கதவு திறந்தே இருந்தது. ஆள் யாருமில்லை. கடைசி வரிசை. மண் இன்னும் கெட்டிப்படவில்லை. மண்டியிட்டு, பையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினான். மண் சத்தமில்லாமல் குடித்தது. முழுப் பாட்டிலும்.

காத்திருந்தான்.

மரத்தில் நீளமாக ஓர் உரசல். ஒரு கோடு, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை.

"அப்பா," என்றான். "வந்துட்டேன்பா. மன்னிச்சிருங்கப்பா." விக்கி விக்கி அழுதான். இதை முன்பே செய்திருந்தால். ஒரு போன். ஒரே ஒரு போன். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்தான்.

மூன்று.

கை நின்றது.

மூன்று. இடைவெளி. மூன்று.

"வந்துட்டேனேப்பா. இங்கதான இருக்கேன்."

மூன்று. மூன்று. மூன்று.

முடியவில்லை. அவனால் முடியவில்லை. கட்டை விரல் தானாக வால்யூம் பொத்தானைத் தேடிப் போவதைப் பார்த்தான். தன் விரல்தான். பார்த்ததும் உதறினான். ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டான்.

நின்றது. காக்கை கத்தியது. சாலையில் ஒரு பஸ் ஹாரன். வேறு ஒன்றுமில்லை. காதில் ஒன்றுமே கேட்கவில்லை.

முட்டியில் தெரிந்தது. ஈரமண்ணில் ஊன்றிய இரண்டு முழங்காலுக்கும் நேர் கீழே.

மூன்று.