நகல் ஓவியத்தில் ஒரு முகம்

லக்ஸரிலிருந்து ரயிலில் வந்த புழுதிகூட உதறாமல், வண்ணப்பெட்டியும் கையுமாகப் பிஷாரா கெய்ரோ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி. அதிகாரி நஷீத் எஃபெண்டி ஓவியக் கிடங்கைத் திறந்துவிட்டார்.

“ஏம்ப்பா, இருபது வருஷமா கல்லறைச் சுவரைப் பாத்து நகல் எடுக்கற. சுவர்ல என்ன இருக்கோ அதத்தான் வரையணும், ஒடைஞ்சிருந்தா ஒடைசலையும் வரையணும்னு உனக்கு நான் சொல்லணுமா?”

பிஷாரா தன் நகல் ஓவியத்தின் முன்னால் வண்ணப்பெட்டியை இறக்கிவைத்தார்.

அவர் நகலெடுத்த கல்லறைச் சுவரில், தகப்பனின் நாற்காலியடியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எந்தப் பாவியோ அவள் முகத்தை மட்டும் உளியால் கொத்தி எடுத்துவிட்டான். முகம் அழிந்தால் செத்தவர் இன்னொரு முறை சாவார் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. கொத்திய பள்ளத்தை அப்படியே வரையவேண்டிய மனுஷன், நகலில் அந்த இடத்தில் தன் மகள் திம்யானாவின் முகத்தை வரைந்துவிட்டார். ஆறு வயதுக் குழந்தை காய்ச்சலில் போன நாற்பதாம் நாள் அது. அவளுக்கென்று வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

“விட்டுடுங்க எஃபெண்டி. எம் பொண்ணு.”

நஷீத் தலை குனிந்துகொண்டார். “தெரியும்ப்பா. பெரியவங்க கண்டுபிடிச்சுட்டாங்க, நான் என்ன செய்ய? அந்த மொகத்தச் சீக்கிரம் பூசி மூடிடு.”

கதவு சாத்திக்கொண்டது.

பிஷாரா சுண்ணாம்பு நிறத்தைக் குழைத்தார். முதலில் நெற்றியை மூடினார். பிறகு கன்னத்தை. ஈர வண்ணத்தின் வாடையோடு இன்னொரு வாடையும் எழுந்தது. காய்ச்சலில் வேர்த்த குழந்தையின் தலைமுடி வாடை.

“அப்பா, இருட்டுது.”

ஜன்னலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அறையில் வேறு யாருமில்லை.

அழுதுகொண்டே அவர் கண்களையும் பூசி மூடினார்.

மறுநாள் மதியம் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே மனைவி ஷபீகா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திம்யானா அப்பா, நேத்துலேருந்து எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நம்ம கொழந்தை மொகமே ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க, அவ மூக்கு எப்படி இருக்கும்?”

சொல்ல வாயெடுத்தார்.

ஒன்றுமே வரவில்லை.

கரித்துண்டை எடுத்து வரைந்து பார்த்தார். முடி வந்தது, காது வந்தது, நடுவில் கை பள்ளத்தைத்தான் வரைந்தது. மறுபடியும் பள்ளம். மறுபடியும்.

“நாந்தான் ஷபீகா, நாந்தான் அழிச்சேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதவின் கீழ்ப்பாதியில், பிஞ்சுக் கையால் தட்டுகிற மாதிரி.

“அம்மா.”

“வேணாம், தொறக்காத!”

ஷபீகா திறந்தாள்.

உச்சி வெயிலில், புதைக்கும்போது போட்டுவிட்ட வெள்ளைக் கவுனோடு சிறுமி நின்றிருந்தாள். முடிக்கும் தாடைக்கும் நடுவே வெறும் கொத்திய சுண்ணாம்பு. இரு கைகளாலும் காற்றைத் துழாவினாள்.

“வழியில யாருக்கும் என்னைத் தெரியலம்மா. ஒனக்குத் தெரியுதா?”

பெற்ற வயிறு பயப்படுமா? ஷபீகா மண்டியிட்டு, அந்தப் பள்ளத்தில் தன் கன்னத்தைப் பதித்துக்கொண்டாள்.

“தெரியாம என்னடி தங்கம். உள்ள வா. சாப்பிட்டியா?”

நிமிர்ந்தபோது அவள் கைகளுக்குள் யாரும் இல்லை. கன்னத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு மட்டும், எத்தனை கழுவியும், அவள் சாகும்வரை போகவேயில்லை.